அணியின் பெயர்

ஐந்தரைக்கு எழுவான். மோட்டார் சுவிட்சைப் போடுவான். மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மாறுகிற வரை பல் தேய்ப்பான். சத்தம் மாறினால் தொட்டி நிரம்பப்போகிறது என்று அர்த்தம், சுவிட்சை அணைப்பான். டீ போட்டு நின்றபடியே குடிப்பான். கூடத்தில் விரித்த பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவான். சட்டையின் காலருக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும் இஸ்திரி போடுவான். முதுகை யாரும் பார்ப்பதில்லை. கருவிப் பையைத் திறந்து டார்ச், டெஸ்டர், ஸ்பேனர், கிரீஸ் துணி, பூட்டு எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பான். ஆறு ஐம்பதுக்குக் கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். ஏழு ஐந்துக்குப் பஸ்.

ஐந்து மாதமாக இதில் ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இன்ஜினியரிங் படித்துவிட்டு லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வயது முப்பத்தொன்று. மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஒரு சனிக்கிழமை காலை தலைவலி என்று உட்கார்ந்தவள், மதியத்துக்குள் இல்லாமல் போனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். அவன் அழவில்லை. 'கல்லுளிமங்கன்' என்று சில சொந்தக்காரர்கள் சொன்னார்கள். 'பாவம், உள்ளுக்குள்ள அழறான்' என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் இல்லை. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவுதான்.

அன்று அவன் செய்த தப்பு ஒன்று உண்டு. தப்பு என்று அப்போது தெரியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை? ஏதாவது சொன்னாளா? அவ பிள்ளைங்களைப் பத்திச் சொன்னாளா?" பிள்ளைங்க என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். இவர்களுக்குக் குழந்தை இல்லை. அவன் தலையாட்டினான். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பான். டீ வேணுமா என்று கேட்ட வார்டு ஊழியருக்கும் அப்படித்தான் ஆட்டினான். டீ வந்தது. குடிக்கவில்லை.

அந்தத் தலையாட்டல் வளர்ந்தது. சாயங்காலத்துக்குள் 'என் பிள்ளைங்களை விட்டுடாதீங்க' என்று ஆனது. மூன்றாம் நாள் 'நான் ஆரம்பிச்ச ரோபோ அணியை எப்படியாவது நடத்துங்க' என்று கையும் காலும் முளைத்தது. பள்ளியின் இரங்கல் கூட்டத்தில் பெரிய மேடம், அதாவது தலைமையாசிரியை, அதைத் தழுதழுத்துப் படித்தார். ஆண்டு மலரில் கட்டம் கட்டி அச்சடித்தார்கள். அவனுக்கும் ஒரு பிரதி வந்தது. படித்துப் பார்த்துவிட்டு, மின் கட்டண ரசீதுகளுக்கு அடியில் வைத்தான்.

ஒரு திங்கட்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது. லேப் அலமாரியில் அவளுடைய சாமான்கள் கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள்.

வேலை முடிந்து நாலரைக்குப் போனான். லேப் கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று பெண் பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள். நடுவில், சாய்த்து வைத்த ஒரு பலகை. அதன் மேல் ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. பழைய பிரிண்டர் மோட்டார் இரண்டு, பொம்மைக் காரின் சக்கரம் நாலு, முன்னால் ஒரு பந்தைத் தூக்கிப் பிடித்த சின்னக் கை. பிரிண்டர் அவன் வீட்டுப் பிரிண்டர். பாதி வழியில் வண்டி மூக்கைத் தூக்கிப் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தது.

"இதோ மறுபடியும் விழுந்துவிட்டார் நமது வீரர்! நேயர்கள் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவும்" என்றாள் ஒருத்தி. பெயர் ரேடியோ. வாய் மூடாது.

"வாயை மூடுடி. பேட்டரி சூடாயிருக்கா பாரு" என்றாள் இன்னொருத்தி. இவள் வக்கீல். எதற்கெடுத்தாலும் விதி எண் சொல்லிச் சண்டை போடுவாள். மூன்றாவது பெண் பேசவில்லை. பேச முடியாது. வாயில் நாலைந்து நட்டு இருந்தது. திருகாணியைக் கையில் பிடித்துக்கொண்டு தேவைப்படும்போது ஒவ்வொன்றாகத் துப்பி எடுப்பாள். அவள் பெயரும் நட்டுதான்.

மூன்று பெயர்களையும் வைத்தது அவன் மனைவி. வீட்டில் சாப்பிடும்போது இவர்கள் கதைதான் ஓடும். ஆட்களை இப்போதுதான் பார்க்கிறான்.

வக்கீல் எழுந்து நின்றாள். பதினாலு வயது. முழங்கையில் பசை. "சார், பெட்டியை எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"ஆமா."

"பெட்டியில இருக்கிறதைத்தான் இதுல மாட்டியிருக்கோம்."

அவன் பெட்டியைப் பார்த்தான். மூடியில் மார்க்கரில் அவன் மனைவியின் பெயர். உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எல்லாம் அந்த வண்டியில் இருந்தது.

"அஞ்சு மாசமா யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லை. சொல்லிக் குடுக்கவும் கூடாது. விதி ஏழு. போட்டியில பெரியவங்க யாரும் ரோபோ மேல கை வைக்கக் கூடாது. சொல்லித் தரக் கூடாது. கேள்வி கேக்கலாம். டீச்சர் எங்ககிட்ட வந்தா கையைப் பின்னால கட்டிக்குவாங்க." அவள் மூச்சு விட்டாள். "எங்களுக்கு ஒரு கையெழுத்துதான் சார் வேணும். பொறுப்பாளர் கையெழுத்து. வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட பதிவு முடியுது. முடிஞ்சா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்."

"எனக்கும்" என்றாள் ரேடியோ. நட்டு இரண்டு விரலைக் காட்டினாள். அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதாம்.

அதற்குள் பெரிய மேடம் கூப்பிட்டார்.

அவர் அறையில் மின்விசிறி வேகமாகச் சுற்றியது. மேஜையில் அவன் மனைவியின் படம், சட்டம் போட்டு. பெரிய மேடம் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விழா. அணிக்கு அவள் பெயர். ரோபோவுக்கும் அவள் பெயர். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். ரோபோ மேடையில் ஓடிவந்து அவள் படத்தின் முன்னால் ஒரு பூவை வைக்கும். பிறகு நீங்கள் இரண்டு நிமிஷம் பேச வேண்டும். அவள் கடைசியாகச் சொன்னதை உங்கள் வாயால் சொன்னால் போதும்.

"விழா முடிஞ்சதும் மேடையிலேயே பதிவுப் படிவத்துல கையெழுத்துப் போட்டுடறேன். படம் எடுக்கவும் நல்லாயிருக்கும். சரிதானே தம்பி?"

அவன் தலையாட்டினான்.

மறுநாள் சாயங்காலமும் லேப்பிற்குப் போனான். ஏன் போனான் என்று தெரியவில்லை. கால் போனது. மூன்று பேரும் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ரேடியோகூட அணைந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"நீங்க சரின்னு சொன்னீங்களாமே" என்றாள் வக்கீல்.

வண்டி மேஜை மேல் நின்றது. அடையாளம் தெரியவில்லை. முன்னாலிருந்த பந்துக் கையைக் கழற்றிவிட்டு, பளபளவென்று ஒரு வெள்ளைக் கை மாட்டியிருந்தது. அதன் நுனியில் பிளாஸ்டிக் ரோஜா. பக்கவாட்டில் ஸ்டிக்கர்.

"மத்தியானம் ஒரு கம்பெனி ஆள் வந்தாரு. பெரிய மேடம் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு மணி நேரம்தான். எல்லாத்தையும் மாத்திட்டாரு. நாங்க எழுதின புரோகிராமை அழிச்சுட்டாரு. சூப்பரா ஓடுதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

"ஓடுது சார்" என்றாள் ரேடியோ. "நேரா போகுது, குனியுது, பூ வைக்குது, கும்பிடுது. ஏறத் தெரியாது."

நட்டு வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பினாள். அவள் பேசி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. "என் நட்டை எல்லாம் கழட்டிட்டு வேற போட்டிருக்காரு. என் நட்டு எங்கன்னே தெரியலை."

அவன் குனிந்து பார்த்தான். சுத்தமான வேலை. கம்பிகளை வரிசையாகக் கட்டி, முனைகளுக்குத் தொப்பி போட்டிருந்தார்கள். தொழில் தெரிந்த கை.

லிஃப்ட் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. குழிக்குள் இறங்குகிறவன், மேலே யாரும் லிஃப்டை ஓட்டிவிடாதபடி மெயின் சுவிட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டு இறங்குவான். பூட்டியவன் வந்துதான் திறக்க வேண்டும். கட்டடத்துக்குச் சொந்தக்காரனே வந்து கத்தினாலும் சரி, மேலதிகாரி வந்தாலும் சரி, இன்னொருத்தன் பூட்டில் கை வைக்கக் கூடாது. வைத்தவனை அந்தத் தொழிலில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். எட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஒருத்தன் அவன் பூட்டை உடைத்தான். அன்று அவனுக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது இப்போது. காது சுட்டது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக உடம்பில் ஏதோ ஒன்று நடந்தது. அது கோபம்.

"கை வச்சிருக்காங்க" என்றான்.

"ஆமா சார். விதி ஏழு. இதோட போனா நடுவர் முதல் கேள்வியிலேயே பிடிச்சிடுவாங்க. இந்தக் கை எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, நான் என்ன சொல்றது? கம்பெனி மாமா செஞ்சாருன்னா?"

"கையைக் கழட்டிட்டு உங்களோடதைப் போடலாமே. விழா முடிஞ்சப்புறம்."

"போடலாம். ஆனா பேரு?" வக்கீல் இடுப்பில் கை வைத்தாள். "சார், டீச்சர் பேரை வச்சிட்டு நாங்க எப்படித் தோக்கறது?"

அவனுக்குப் புரியவில்லை.

"முதல் வருஷம் சார். எல்லா அணியும் முதல் வருஷம் தோக்கும். டீச்சரே சொன்னாங்க, போய் நல்லாத் தோத்துட்டு வாங்கடின்னு. எங்க வண்டி பத்துத் தடவையில ஏழு தடவை விழுது. இது எங்க பேருல விழுந்தா, சிரிப்பாங்க, வந்துடுவோம். டீச்சர் பேருல விழுந்தா? 'பாவம், செத்துப்போனவங்க பேரைக் கெடுத்துட்டாங்க'ம்பாங்க. இல்லைன்னா பாவம் பாத்து மார்க் போடுவாங்க. ரெண்டும் வேணாம். எங்களுக்குத் தோக்கணும் சார். அதுக்கு எங்க பேரு வேணும்."

"அழாதடி" என்றாள் ரேடியோ.

"நான் ஒண்ணும் அழலை. பசை கண்ணுல பட்டுடுச்சு."

அவன் கேட்டான். "பள்ளிக்கூடம் வழியாத்தான் பதியணுமா?"

வக்கீல் விதிப் புத்தகத்தைப் பிரித்தாள். எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் மாதிரி அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே மடித்து வைத்திருந்தாள். "விதி மூணு, உட்பிரிவு ரெண்டு. பள்ளி, நூலகம், அல்லது ஒரு வீடு. இருபத்தஞ்சு வயசு ஆன ஒரு பொறுப்பாளர். எட்டடிக்கு நாலடி பலகை போட இடம். அப்பா அம்மா சம்மதம். எங்க மூணு பேர் வீட்டுலயும் வாங்கிட்டோம். எங்க வீட்டுல பலகை உள்ளேயே நுழையாது."

"எங்க வீட்டுல நாங்களே நுழைய மாட்டோம்" என்றாள் ரேடியோ.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தலையாட்டவில்லை. "இடம் இருக்கு" என்று வாயைத் திறந்து சொன்னான்.

புதன்கிழமை வேலைக்குப் போன கட்டடத்தில் புது லிஃப்ட் இறங்கியிருந்தது. கேபின் தகடுகளை எட்டுக்கு நாலு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி அனுப்புவார்கள். பிரித்தபின் பலகைகளை வாசலில் தூக்கிப் போடுவார்கள். அவன் நல்லதாக ஒன்றைப் பார்த்து, ஒரு ஆளைப் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்தான். கூடத்தில் போட்டுப் பார்த்தான். பலகை தடுத்து வாசல் கதவு திறக்கவில்லை. படுக்கையறைக் கதவைத் திறந்தான். ஐந்து மாதமாகத் திறக்காத அறை. பெரிய கட்டில் சுத்தமாகக் கிடந்தது. மெத்தையைச் சுருட்டிச் சுவரில் சாய்த்தான். பலகையைக் கட்டில் மேல் போட்டான். இரண்டு பக்கமும் கொஞ்சம் துருத்தியது. உட்கார்ந்து பார்த்தான். ஆடவில்லை.

வியாழக்கிழமை பெட்டியை எடுக்கப் போனான். பெரிய மேடம் வராந்தாவிலேயே மடக்கினார்.

"வண்டியை எங்கே தூக்கிட்டுப் போறீங்க தம்பி? நாளைக்கு விழா."

"பெட்டி என் மனைவியோடது. எடுத்துட்டுப் போகச் சொல்லி நீங்கதான் போன் பண்ணீங்க."

"பெட்டியைச் சொன்னேன். ரோபோவை இல்லை."

"பெட்டியில இருந்ததுதான் இதுல இருக்கு. இல்லாதது இது." வெள்ளைக் கையையும் ரோஜாவையும் கழற்றி, ஒரு காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தான். அவர் கையில் கொடுத்தான்.

பெரிய மேடத்துக்கு முகம் சிவந்தது. "அவ உயிரோட இருந்தா இதைப் பாத்து எவ்வளவு வேதனைப்படுவா, யோசிச்சீங்களா? அவ கடைசி ஆசை..."

"விழா நடத்துங்க மேடம். நான் வேணாம்னு சொல்லலை. படம் இருக்கு, பூ இருக்கு. ஆளு வைக்கலாம். எதுக்கு ரோபோ?"

பின்னால் வந்த ரேடியோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வக்கீல் அவளைக் கிள்ளினாள். நான்கு பேரும் பெட்டியோடு கேட்டைத் தாண்டினார்கள். காவலாளி தடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் சல்யூட் அடித்தார்.

வெள்ளிக்கிழமை அவன் அரை நாள் லீவு போட்டான். பிள்ளைகள் மூன்றேகாலுக்கு வந்தார்கள். கட்டிலைப் பார்த்ததும் ரேடியோ மட்டும், "இது டீச்சர் படுக்கிற..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா. வேலையைப் பாருங்க" என்றான்.

அவன் கை சும்மா இருக்காது என்பதை வக்கீல் பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் வண்டியைத் தொட்டுவிடுகிறான். விதிப் புத்தகத்தைத் தூக்கி அவனிடம் கொடுத்தாள். "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க. கீழ வைக்கக் கூடாது." அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டு வாத்தியார் மாதிரி புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

பழைய பந்துக் கையை நட்டு திரும்ப மாட்டினாள். வக்கீல், பிரதி எடுத்து வைத்திருந்த பழைய புரோகிராமைத் திரும்ப ஏற்றினாள். பெரிய பலகை மேல் சாய்த்து வைத்த சின்னப் பலகையில் வண்டி ஏறியது. பாதியில் மூக்கைத் தூக்கியது. விழுந்தது. மறுபடியும் ஏறியது. விழுந்தது. பார்த்த மாத்திரத்திலேயே அவனுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பேட்டரி பின்னால் இருக்கிறது. வண்டி சாயும்போது கனம் எல்லாம் பின்சக்கரத்துக்குப் போகிறது. லிஃப்ட்காரனுக்கு எடையைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாக்கு அரித்தது.

"ஏறும்போது கனம் எந்தப் பக்கம் இருக்கு?"

வக்கீல் திரும்பினாள். "சார், அது பதில். கேள்வி மாதிரி வேஷம் போட்டுட்டு வந்திருக்கு."

"கேள்விதானே கேட்டேன்."

"கடைசியில கேள்விக்குறி போட்டா கேள்வி ஆயிடுமா?"

"நடுவர் மன்றம் எச்சரிக்கை விடுத்துள்ளது" என்றாள் ரேடியோ. "அடுத்த தடவை சார் வெளியே நிற்க வேண்டியிருக்கும்."

நட்டு பேட்டரியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவன் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான். சிரித்தானா என்று அவனுக்கே தெரியாது.

நாலேகாலுக்கு அவன் கணினியில் பதிவுப் பக்கத்தைத் திறந்தான். படிவத்தை நிரப்பினார்கள். பொறுப்பாளர் கையெழுத்து, முகவரி, பலகையின் அளவு, சம்மதக் கடிதங்கள். எல்லாம் போட்டாயிற்று. அணியின் பெயர் என்ற கட்டம் மட்டும் காலி. பெயரில்தான் சண்டை. ரேடியோ இருபது பெயர் சொன்னாள். வக்கீல் இருபதையும் தள்ளுபடி செய்தாள். அழைப்பு மணி அடித்தது.

மாமியார் நின்றிருந்தாள். பட்டுப்புடவை. கையில் துணியில் சுற்றிய சட்டம். விழாவுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. முன்வரிசையில், எல்லோருக்கும் முன்னால், மாப்பிள்ளை வராத விழாவில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"வாங்க அத்தை."

அவள் உள்ளே வந்தாள். படுக்கையறை வாசலில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பலகை மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த நட்டுவைப் பார்த்தாள். நட்டு மெல்ல இறங்கினாள்.

"கட்டில் மேலயா மாப்பிள்ளை?"

"வேற இடம் இல்லை அத்தை."

"எத்தனை பேரு கேட்டாங்க தெரியுமா, உங்க மாப்பிள்ளை எங்கன்னு. நான் என்னன்னு சொல்றது? அவருக்கு மனசு சரியில்லைன்னேன். பெரிய மேடம் தங்கமானவங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலைங்கிறாங்க. வீட்டுலேயே நடத்துங்க, எப்படியாவது நடத்துங்க. பேரை மட்டும் வச்சிடுங்க. அவ படத்தை இங்க மாட்டிடலாம்." துணியைப் பிரித்தாள். அவன் மனைவி சிரித்தாள், அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில். "மணி என்ன? இன்னும் நேரம் இருக்குல்ல? போடுங்க. அவ பேரை அடிங்க."

கணினியில் மணி நாலு நாற்பத்தொன்று.

வக்கீல் புத்தகத்தைத் தேடினாள். அது அவன் கையில் இருந்தது. இருந்தும் பயனில்லை, மாமியாரிடம் சொல்வதற்கு அதில் விதி எதுவும் இல்லை. ரேடியோ தரையைப் பார்த்தாள். பெரியவர்கள் இப்படிக் கெஞ்சும்போது என்ன செய்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"அம்மா" என்றாள் நட்டு. வாயில் நட்டு இல்லை. "அவங்க பேரு வேணாம்மா. எங்க வண்டி விழும்."

"விழாது கண்ணு. அவ பாத்துக்குவா."

"அதான் வேணாம்" என்றாள் நட்டு. "யாரும் பாத்துக்க வேணாம். நாங்களேதான்."

வக்கீலும் ரேடியோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தள்ளுபடி செய்ய வக்கீல் வாயைத் திறந்து, மூடினாள்.

அவன் விதிப் புத்தகத்தைக் கீழே வைத்தான். கணினியை மடியில் இழுத்துக்கொண்டான். 'நாங்களேதான்' என்று அடித்தான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தான். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினான். சக்கரம் சுற்றியது. உங்கள் பதிவு ஏற்கப்பட்டது என்று வந்தது. அணி எண் நூற்றுப் பதினெட்டு.

ரேடியோ மட்டும் கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமியார் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அவ வாயால சொன்னது மாப்பிள்ளை. போற நேரத்துல சொன்னது. அதைக்கூட மீறுறீங்களே. உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"அவ அப்படிச் சொல்லலை அத்தை."

"என்ன?"

"அவ பிள்ளைங்களைப் பத்திச் சொல்லலை. அணியைப் பத்திச் சொல்லலை. நீங்க கேட்டீங்க, நான் தலையாட்டினேன். நான் ஆட்டினது தப்பு. உங்களுக்கு அது ஆறுதலா இருந்துச்சு. நானும் விட்டுட்டேன். இப்ப அதைக் கொண்டாந்து இவங்க தலையில வைக்கறாங்க. இனிமே விட முடியாது."

"பொய் சொல்றீங்க."

"அஞ்சு மாசமா சொன்னேன். இப்ப சொல்லலை."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பலகை துருத்திய இடத்தில் கை வைத்து, எடுத்தாள். பிள்ளைகள் போய்விடலாமா என்று கண்ணால் கேட்டார்கள். வேண்டாம் என்று அவன் கையமர்த்தினான். அவர்களும் கேட்கட்டும். கட்டம் கட்டி அச்சடித்ததை அவர்களும்தான் படித்திருப்பார்கள்.

"அப்ப என்னதான் சொன்னா?" என்றாள் மாமியார். அது சண்டைக் குரல் இல்லை. ஒரு அம்மா தன் பெண்ணைப் பற்றிக் கேட்கிற குரல். "ஒண்ணுமே சொல்லாமலா போனா?"

"சொன்னா."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. எல்லோருக்கும் பதில் முன்னாலேயே தெரிந்திருந்தது.

"ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. ஸ்ட்ரெச்சரை மாடிப்படியில இறக்கினாங்க. நான் வாசல்ல கால்ல கிடைச்சதை மாட்டிட்டுக் கூடவே ஓடினேன். வண்டிக்குள்ள அவ கால்மாட்டுல உட்கார்ந்தேன். கண்ணை மூடியிருந்தா. கதவைச் சாத்தினாங்க. அப்பக் கண்ணைத் திறந்தா. நல்லாத் திறந்தா. ஏதோ பெரிசா சொல்லப் போறாள்னு நான் குனிஞ்சேன். அவ என் முகத்தைப் பாக்கலை. கீழே, என் காலைப் பாத்தா. பாத்துட்டே இருந்தா. அப்புறம் சொன்னா."

"என்ன சொன்னா?"

"'டேய், அது என் செருப்பு.'"